மாவு மில் வரிசையில் ஐந்தாவது ஆள் வந்தால்... கல் கொத்துவது எப்போது?

பண்டிகை நெருங்கினால் மாவு மில் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டும். இருப்பது ஒரே மெஷின். யாருடையதை முதலில் அரைப்பது? வந்த வரிசைப்படி என்பதுதான் நம்ம ஊர் நியாயம். கணித ஆய்வாளர்களோ இந்தக் கேள்வியை எழுபது வருஷமாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் எளிய கணக்கு. நாலு பேர் நிற்கிறார்கள். வேலைகள் 10, 20, 30, 40 நிமிடம். எப்படி அரைத்தாலும் மொத்தம் 100 நிமிடம்தான், மில்காரருக்கு வித்தியாசமே இல்லை. நிற்பவர்களுக்கு இருக்கு. சின்ன வேலையில் தொடங்கினால் ஒருவர் சராசரியாக 50 நிமிடத்தில் கிளம்பலாம். பெரிய வேலையில் தொடங்கினால் 75 ஆகும். சின்னதை முதலில் முடி என்ற இந்த விதியை, வேலையின் முக்கியத்துவத்தையும் சேர்த்து 1956-ல் நிறுவினார் ஸ்மித்.

இதெல்லாம் மெஷின் தேயாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அங்கதான் சிக்கலே. அரைக்க அரைக்க கல் மழுங்கும். மழுங்கின கல்லில் மாவு மெதுவாக இறங்கும், சூடாகும், நைசாகவும் வராது. கழற்றி உளியால் கொத்தினால் பழைய வேகம் திரும்பும். ஆனால் கொத்தி முடிக்கும் வரை மில் ஓடாது. அம்மி கொத்திய வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாமதமாகத் தொடங்கினால் நேரம் நீளும் வேலைகளைப் பற்றி பிரவுனும் யெக்கியாலியும் 1990-ல் எழுதினார்கள். நடுவில் நிறுத்திச் சரிசெய்தால் வேகம் மாறும் மெஷினைப் பற்றி லீ, லியோன் இருவரும் 2001-ல் எழுதினார்கள்.

சரி, கல் மழுங்கி எல்லா வேலையும் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது என்று வைப்போம். கொத்தாமலே ஓட்டினால் கடைசி ஆள் கிளம்ப 200 நிமிடம், சராசரி 100. கொத்த அரை மணி நேரம்தான் ஆகும் என்றால் முதலில் கொத்திவிடலாம்: 130 நிமிடத்தில் எல்லாம் முடியும், சராசரி 80. முதல் ஆள் மட்டும் 20-க்குப் பதில் 40 நிமிடம் நிற்பார், முணுமுணுப்பார்.

கொத்தவே ஒரு மணி நேரம் ஆனால்? மில்காரர் 160-வது நிமிடத்தில் முடித்துவிடுவார், அவருக்கு 40 நிமிடம் மிச்சம். ஆனால் நிற்பவர்களின் சராசரி 110 ஆக ஏறுகிறது. நடுவில் எங்கே நிறுத்திக் கொத்தினாலும் அது 100-க்குக் கீழே வராது. ‘பராமரிப்பு நல்லது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யாருடைய நேரத்தை எண்ணுகிறோம் என்று முதலில் சொல்லணும்.

இப்போ ஐந்தாவதாக ஒருவர் 40 நிமிட வேலையோடு வந்து நிற்கட்டும். கணக்கு அப்படியே புரளும். கொத்தாமல் ஓட்டினால் சராசரி 136. முதலிலேயே கொத்தினால் 128. சின்ன வேலைக்காரரை அனுப்பிவிட்டுக் கொத்தினால் 126! வரிசை நீள நீள, கொத்துவதன் பலனைப் பங்குபோட ஆட்கள் கூடுகிறார்கள். பண்டிகை நாளில் ‘இவ்வளவு கூட்டத்துல எங்க நிறுத்துறது’ என்று மழுங்கின கல்லையே ஓட்டுவது அதனால் தலைகீழ் முடிவு. அதுக்கு விலை கொடுப்பது அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவர்.

முந்தின நாள் ராத்திரியே கொத்திவிட்டால் இந்தத் தகராறே இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த ராத்திரி வேலைக்கு யார் காசு கொடுப்பது? பெரும்பாலும் மில்காரரின் தூக்கம்தான் போகும். அரவைக் கூலியில் ஒன்றிரண்டு ரூபாய் கூட்டி வாங்கலாம், நான் கொடுப்பேன். பகலில்தான் கொத்த முடியும் என்றால், எத்தனை மணிக்கு என்று காலையிலேயே வாசலில் எழுதிப் போடுங்க. வாளியை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர் அதைப் பார்த்துத் திரும்பி வருவார்.