கையடங்கு காமிராவும் நம் கடமையும்

முற்காலத்தில் ஒரு படம் எடுத்தல் பெருமுயற்சியின் பயனாயிருந்தது. 1858-ஆம் ஆண்டில் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் பிடித்தபொழுது, கருவிகளையும் மருந்துகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிச் செல்ல நேர்ந்தது. நம் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில், 1947-இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’ முதலிய திரைப்படங்கள் உருவான காலத்தும், காமிரா பலர் கூடி இயக்கும் கனத்த பொறியாகவே இருந்தது. இன்றோ, சிங்காநல்லூர்க் குளக்கரையில் உலாவுவார் பலருடைய சட்டைப் பையிலும் அஃது அடங்கிக் கிடக்கின்றது. கூழைக்கடா நீரில் இறங்கிய சில நொடிகளில், அதன் படம் கடல் கடந்துவிடுகின்றது.

இவ்வெளிமையைப் பழிப்பாரோடு நாம் சேரோம். 1997-இல் ஃபிலிப் கான் என்பார், அப்பொழுதுதான் பிறந்த தம் மகளின் படத்தைக் கைப்பேசி வழியே உற்றார்க்கு அனுப்பினார். பிரிந்து வாழ்வாரை இங்ஙனம் ஒன்றுகூட்டும் கருவியை இழிவென்பது எங்ஙனம்?

ஆயினும் ஒரு குறையுண்டு. கைப்பேசி எடுக்கும் படத்தினுள், எடுத்த நாளும் நேரமும், நாம் இசைந்திருப்பின் இடமும், கண்ணுக்குத் தெரியாவண்ணம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்புங்கால், படம் சுருங்குவதோடு இக்குறிப்புகளும் உதிர்ந்துபோகின்றன. பெறுவார் கையில் எஞ்சுவது ஊரும் பேருமற்ற ஓர் அழகிய படமே.

இதனால் வரும் இழப்பு யாது? இன்னும் இருபதாண்டு கழித்து, “இக்குளத்திற்குக் கூழைக்கடா வந்ததுண்டோ?” என்று ஒருவர் வினவின், நாளும் இடமும் இழந்த படம் என்ன சான்று கூறும்? 2002-இல் தோன்றிய ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவேட்டிலும், 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் நாளும் இடமும் குறிக்கப்படுதலின், எளியோர் கண்டதும் அறிவாகின்றது. நம் இல்லத்துப் பழைய படங்களின் பின்புறத்தே பெரியோர் பென்சிலால் எழுதிய பெயரும் ஆண்டும் இத்தகைய தொண்டே அன்றோ?

ஆதலின், மாணவ நண்பர்காள், மூலப்படத்தைப் பேணி வைம்மின். குறிப்புகள் வேண்டுமிடத்து, படத்தை ஆவணக் கோப்பாக அனுப்புமின். இன்னார், இன்ன இடம், இன்ன நாள் என ஒரு வரி சேர்த்தெழுதுமின். பிறர் முகத்தையும் இல்லத்தின் இருப்பிடத்தையும் மட்டும் அவர் இசைவின்றி அயலார்க்கு அறிவித்தல் தகாது. படத்தைச் சுமக்கும் பாரம் நம்மை விட்டு நீங்கியது. அதன் பொருளைச் சுமக்கும் பொறுப்பு நீங்கிற்றில்லை.