நேர்முகத் தேர்வுக்கு எந்த ஆடை?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பர் நம் பெரியோர். வங்கிப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர்க்கு இப்பழமொழியின் முற்பாதியே பெரிது. வெளுத்துத் தேய்த்த உடுப்பும் தூசியற்ற காலணியும் இருந்தால் ஆடையின் கடமை அங்கே முடிந்துவிடுகிறது. ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை தேடிச் செல்வோர் நிலை அவ்வாறன்று. அங்கே ஆடையே வினாத்தாள், ஆடையே விடைத்தாள். உள்ளே நுழையும் கணத்திலேயே தேர்வு தொடங்கிவிடுகிறது.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று நீளும் இந்நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள ஊர்களிலிருந்து இன்று மாணவ மாணவியர் பலர் ஆடை வடிவமைப்பைப் பாடமாகக் கற்கின்றனர். சென்னையில் 1995ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தைக் குறிவைத்துப் படிப்போரும் உளர். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராகவோ தரக்கட்டுப்பாட்டாளராகவோ சேர விழைவோரும் உளர். இது நமக்கு அயலான தொழிலும் அன்று. கடையநல்லூர் முஸ்லிம்களின் பழந்தொழில் நெசவு. தறியில் அமர்ந்த பாட்டனாரின் பேத்தி, துணியின் தரத்தைத் தொட்டறியும் பணிக்குச் செல்வதில் வியப்பில்லை. அப்பேத்தியின் தலையில் முக்காடு இருக்கிறது. நேர்முகத் தேர்வில் அதற்கு யாது நேரும் என்பதே இன்று நம் இல்லங்களில் எழும் வினா.

இவ்வினாவுக்கு உலகறிந்த வழக்கொன்று விடை கூறுகிறது. 2008ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்துத் துல்சா நகரில், அபர்குரோம்பி அண்டு ஃபிட்ச் என்னும் ஆடை நிறுவனத்தின் கடையில் விற்பனைப் பணிக்குச் சமந்தா எலாஃப் என்னும் பதினேழு வயது முஸ்லிம் பெண் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். அந்நிறுவனத்தின் பாணியை ஒத்த மேற்சட்டையும் ஜீன்சும் அணிந்து, தலையில் கறுப்பு முக்காடிட்டிருந்தார். தேர்வுக்குரிய கூறுகள் மூன்று. தோற்றமும் உடைநயமும் ஒன்று; கலகலப்பாகப் பழகிப் பன்மையைப் போற்றும் பண்பு மற்றொன்று; நயமும் முன்னேறும் வேட்கையும் பிறிதொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு மதிப்பெண் என ஆறு பெற்று அவர் தேறினார். பின்னரே மேலதிகாரியிடம் முக்காட்டைப் பற்றிய பேச்சு எழுந்தது. தொப்பி அணியலாகாது என்னும் நிறுவன விதியைக் காட்டி, தோற்றத்துக்குரிய மதிப்பெண்ணை ஒன்றாகக் குறைத்தனர். ஆறு ஐந்தாயிற்று, வேலையும் இல்லையாயிற்று. பன்மையைப் போற்றுவதற்கெனத் தனி மதிப்பெண் வைத்திருந்த தாளிலேயே இது நிகழ்ந்தது என்பதைச் சிந்திப்போர் சிரிக்காமல் இருத்தல் அரிது.

சம வேலைவாய்ப்பு ஆணையம் 2009இல் வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் 2013இல் தோற்று, இறுதியில் 2015 ஜூன் முதல் நாள் உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றது. இது மிக எளிய வழக்கு என்றே தீர்ப்பை அறிவித்த நீதிபதி அன்டோனின் ஸ்காலியா கூறினார். 'முக்காடு சமயக் கடமை என்று அவர் எங்களிடம் சொல்லவில்லையே' என்பது நிறுவனத்தின் வாதம். சொன்னாரா இல்லையா என்பதன்று கேள்வி. விலக்கு அளிக்க நேருமோ என்னும் எண்ணத்தால் வேலையை மறுத்தீர்களா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். நிறுவனம் 25,670 டாலர் இழப்பீடும் 18,983 டாலர் வழக்குச் செலவும் தந்தது. தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்னரே, கடைப் பணியாளரை 'மாடல்' என்று அழைக்கும் வழக்கத்தையும் அந்நிறுவனம் கைவிட்டிருந்தது.

அயல்நாட்டுத் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்து அமர்ந்துவிடல் ஆகாது. அமெரிக்கப் பெண்ணுக்குத் துணைநின்ற சட்டம் 1964ஆம் ஆண்டினது. தனியார் வேலைவாய்ப்பில் சமயப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச்சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசைக் கட்டுப்படுத்துவன. திருப்பூர் முதலாளியின் அறைக்குள் அவை எளிதில் நுழைவதில்லை. முக்காட்டைக் காணும் முன்னரே பெயரைக் கண்டு ஒதுக்குவதும் உண்டு. 2022ஆம் ஆண்டு லெட்பை அறக்கட்டளை ஓர் ஆய்வு நடத்தியது. ஒரே தகுதியுடைய இரு விண்ணப்பங்களை, ஒன்றில் இந்துப் பெண்ணின் பெயரும் மற்றொன்றில் முஸ்லிம் பெண்ணின் பெயரும் இட்டு, ஆயிரம் வேலைகளுக்கு அனுப்பினர். முன்னதற்கு 208 சாதகமான மறுமொழிகள் வந்தன, பின்னதற்கு 103.

உடை காரணமாக வாயிலில் தடுக்கப்படும் இழிவு முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2014 ஜூலையில் சென்னைக் கிரிக்கெட் சங்க மன்றத்தில் நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடப்படவில்லை. நாடே கொதித்தது. அடுத்த திங்களே சட்டமன்றம் கூடி, வேட்டியைக் காரணம் காட்டிப் பொதுவிடங்களில் நுழைவதைத் தடுத்தால் ஓராண்டுச் சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய்த் தண்டமும் என்று சட்டம் செய்தது. நீதிபதிக்கு நேர்ந்ததால் ஒரு திங்களில் சட்டம் பிறந்தது. வேலை தேடும் ஏழைப் பெண்ணுக்கு நேர்ந்தால் எத்தனை திங்களில் பிறக்கும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்க.

கடையநல்லூராரும் தென்காசியாரும் தலைமுறை தலைமுறையாகக் குடியேறி வாழும் சிங்கப்பூரிலும் இச்சிக்கல் எழுந்தது. 2020ஆம் ஆண்டு டேங்ஸ் என்னும் புகழ்பெற்ற அங்காடியில், பொருள்விற்க வந்த பெண்ணிடம் முக்காட்டை அகற்றுமாறு கூறப்பட்டது. செய்தி பரவிப் பலரும் வினவவே, அங்காடி தன் விதியை மாற்றிக்கொண்டது. அங்கே அரசு மருத்துவமனைச் செவிலியரும் 2021 நவம்பர் முதல் முக்காடு அணிந்து பணியாற்றுகின்றனர்.

முக்காட்டை மறுக்கும் தொழிலைப் பற்றியே பேசினோம். முக்காட்டை விரும்பி அழைக்கும் தொழிலிலும் ஓர் இடர் உண்டு. சோமாலியப் பெற்றோர்க்குப் பிறந்த ஹலிமா ஏடன் முக்காட்டுடன் உலகப் பெரும் ஆடை மேடைகளில் நடந்தவர். ஒரு விளம்பரத்தில் முக்காட்டுக்கு மாற்றாக ஜீன்ஸ் துணியை அவர் தலையில் சுற்றினர். சிறிது சிறிதாகத் தாம் தம்மை இழந்துவருவதாக உணர்ந்து, 2020 நவம்பரில் அத்தொழிலை விட்டே விலகினார். நேர்முகத் தேர்வு நாளில் எதை விட்டுக்கொடுக்கிறோமோ, அது பணியின் ஒவ்வொரு நாளிலும் சிறிது சிறிதாகக் கேட்கப்படும். ஆதலின் முக்காடிடும் பெண் அன்று ஒருநாள் மட்டும் அதைக் கழற்றிவைத்துச் செல்வதை நாம் ஏற்பதற்கில்லை. பிறகு எந்த நாளில் மீண்டும் அணிவாள்? முதல் மாதச் சம்பளத்தன்றா?

அதே வேளையில், முக்காடு இருக்கிறது என்னும் ஒன்றைச் சொல்லி ஏனையவற்றில் அசட்டையாக இருத்தலையும் நாம் ஏற்பதற்கில்லை. நம் மாணவியர் சிலரிடம் இக்குறை உண்டு. தோளில் பொருந்தாத, ஓரம் பிரிந்த புர்க்காவுடன் ஆடைத் தொழிலகத்துக்குச் செல்வது, பிழை மலிந்த கடிதத்துடன் தமிழாசிரியர் பணிக்குச் செல்வதை ஒக்கும். அங்கே இருப்பவர் முகத்தைப் பார்க்குமுன் தையலைப் பார்ப்பவர். மணிக்கட்டின் மடிப்பையும் கோடுகள் இணையும் இடத்தையும் அவர் கண்கள் தாமே தேடும்.

எனவே புதிய விலையுயர்ந்த உடை வேண்டா. தாமே தைத்த ஒன்றை அணிந்து செல்க. சுங்குடியோ கைத்தறிப் பருத்தியோ போதும். அது என்ன துணி, எந்த ஊர் நெசவு, ஏன் அந்த வெட்டு என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லத் தெரிதல் வேண்டும். பின்னலாடை நிறுவனமாயின் ஒரு சதுர மீட்டர்த் துணி எத்தனை கிராம் என்னும் கணக்கைத் தம் சட்டையை வைத்தே சொல்லக்கூடியவர் பாதித் தேர்வைக் கடந்தவர். முக்காட்டின் நிறம் உடையோடு இசையட்டும். அதன் முனைகளை உள்ளே செருகிக் குத்தூசியிடுக. வெட்டும் பொறிக்கும் தையல் பொறிக்கும் அருகே தொங்கும் துணி ஆபத்தானது என்பதை அறிந்தவர் என்று அதுவே சொல்லும். நம் பாட்டிமார் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியை எண்ணுங்கள். கறுப்பொன்றே நிறம் என்று நமக்கு எவரும் விதிக்கவில்லை.

மாணவர்களுக்கும் ஒரு சொல். திரைப்பட நாயகனைப் பார்த்து வாங்கிய பளபளப்புச் சட்டையைவிட, அளவாய்ப் பொருந்திய வெள்ளைச் சட்டை மேலானது. தாடி வைத்திருப்போர் அதைச் சீராக்கிக்கொண்டு செல்க.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். மகளைத் தனியே அனுப்ப அஞ்சித் துணைக்கு வரும் தமையன் நிறுவன வாயிலோடு நின்றுகொள்ளட்டும். அறைக்குள்ளும் வந்து, கேட்ட வினாவுக்கெல்லாம் அவனே விடை கூறினால் வேலை அவனுக்கும் கிடைக்காது, அவளுக்கும் கிடைக்காது.

தேர்வு முடியும் நேரத்தில், 'ஏதேனும் கேட்க வேண்டுமா?' என்பார்கள். அப்போது, 'இம்முக்காட்டுடனே பணிக்கு வருவேன். தொழிற்கூடப் பாதுகாப்புக்கு எவ்வாறு அணிய வேண்டும் என்று சொல்லுங்கள்' என்று அமைதியாகக் கேட்டுவிடுக. அமெரிக்கப் பெண்ணுக்குச் சொல்லாதபோதும் சட்டம் காத்தது. நம் பெண் தன் வாயாலேயே சொல்லிக்கொள்ள வேண்டியவளாக இருக்கிறாள். மறுத்தால் அவிநாசி சாலையில் அடுத்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை தெரியும். பேருந்துக்கும் நேரம் இருக்கும்.