'சாரை வரச் சொல்லுங்க!'

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாருதி 800 கார். அந்த மாடல் தயாரிப்பே 2014ல் நின்று விட்டது. ஆனாலும், படாளத்தில் இருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு மாமனாரை மாதா மாதம் அழைத்துப் போக, அதுதான் எங்களுக்குத் துணை. ஓட்டுவது நான்.

சில மாதங்களுக்கு முன், கியர் போடும்போது 'கரகர'வென்று சத்தம் வந்தது. ஒர்க் ஷாப்பில் கிளட்ச் கேபிளை இறுக்கித் தந்தனர், சத்தம் நின்றது. ஆனால், கொஞ்ச நாளில் வேறு தொல்லை. பாலாற்றுப் பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால், இன்ஜின்தான் கத்துகிறது. வண்டி வேகம் எடுக்கவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்க, பின் சீட்டில் மாமனார், 'முருகா... முருகா' என்று முனக, எனக்கு உயிரே போய் விட்டது.

மறுபடி அதே ஒர்க் ஷாப்புக்குப் போனேன். பெடலைத் தொட்டுக் கூடப் பார்க்காமல், 'கிளட்ச் பிளேட் போச்சும்மா, செட்டாவே மாத்தணும். ஆறாயிரம் ஆகும்' என்றார் மெக்கானிக். 'ஏன் போச்சு?' என்று கேட்டேன். 'உங்களுக்குச் சொன்னா புரியாது. சாரை வரச் சொல்லுங்க' என்றார். மகளின் ஸ்கூல் பீசுக்கு எடுத்து வைத்த பணம் கண் முன் வந்தது. பேசாமல் திரும்பி விட்டேன்.

எதிர் வீட்டுப் பெரியவர், மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கிக் காட்டினார். 'முதல்ல கொஞ்ச தூரம் லேசா இறங்கணும், அப்புறம்தான் கனமாகணும். அதுக்குப் பேரு பிரீ பிளே' என்றார். வண்டிக்கு வண்டி அளவு மாறும். எங்கள் காருக்கு ஏறக்குறைய 2 செ.மீ., வேண்டுமாம். துளியும் இல்லை! கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியதால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து, கேபிள் முனையில் உள்ள நட்டைச் சில சுற்று தளர்த்தினார். அடுத்த முறை பாலத்தில் வண்டி ஜம்மென்று ஏறியது. செலவு, ஒரு டம்ளர் காபி!

எனக்கும் ஒரு குட்டு வைத்தார். 'ஓட்டும்போது சும்மா சும்மா கிளட்ச் மேல காலை வெச்சுக்காதம்மா, பிளேட் தேயும்' என்றார். உண்மைதான், பயத்தில் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அவரிடம் கற்றது இதுதான்: பிரீ பிளே இல்லாவிட்டால் வண்டி இழுக்காது, அதிகமானால் கியர் கரகரக்கும். அளவைச் சரி செய்த பிறகும் வண்டி இழுக்காவிட்டால், பிளேட்டைப் பார்க்க வேண்டும். ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால், ஆயில் குறைந்திருக்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

குக்கரில் பிரஷர் வராவிட்டால், உடனே புதுக் குக்கரா வாங்குகிறோம்? காஸ்கெட், வெயிட் எல்லாம் பார்க்கிறோம் இல்லையா? காரும் அப்படித்தானே!

எல்லா மெக்கானிக்கையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால், வண்டியை ஓட்டுபவளிடம்தானே அதன் கோளாறைச் சொல்ல வேண்டும்? நாமும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தோழிகளே... இனி யாராவது, 'செட்டாவே மாத்தணும்' என்றால், 'முதல்ல பிரீ பிளே எவ்வளவு இருக்குன்னு காட்டுங்க' என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், சாரை வரச் சொல்ல மாட்டார்கள்!

– ஒரு வாசகி, படாளம்.