வேரெழுத்தும் கணினியும்



சென்ற மாதம் ஜும்ஆவுக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள்; கணக்கில் கெட்டிக்காரி. நிஸ்வான் மதரஸாவில் ஓதும் ஸர்ஃபு, நஹ்வையும் விடமாட்டேன் என்கிறாள். இலக்கணம் சோறு போடுமா?" என்றார். நானும் கலைப் பட்டதாரியே. அக்கவலை எனக்குப் புதிதன்று. ஆயினும், கணக்கும் மொழியும் கைகோக்கும் துறை ஒன்று உண்டு. அதுவே கணினி மொழியியல்.

காஃப், தா, பா என்னும் மூன்று எழுத்துகளை ஹரகத் இன்றி எழுதிப் பாருங்கள். 'எழுதினான்' எனலாம், 'எழுதப்பட்டது' எனலாம், 'நூல்கள்' எனவும் படிக்கலாம். முன்பின் சொற்களைக் கொண்டு நாம் தெளிகிறோம். இயந்திரத்துக்கு அத்தெளிவை ஊட்டுவது எவ்வாறு? ஆய்வாளர்கள் ஆயுளைச் செலவிடுவது இத்தகைய வினாக்களுக்கே.

மொழிக்குள் கணக்கைக் கொணர்ந்த முன்னோடி நம் இமாம் கலீல் இப்னு அஹ்மது. 8-ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அவர், மூன்று வேரெழுத்துகளை 6 விதமாகவும், நான்கை 24 விதமாகவும் மாற்றியடுக்கலாம் எனக் கணக்கிட்டார். 'கிதாபுல் ஐன்' அகராதி அம்முறையிலேயே அமைந்தது.

நம் காலத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கைஸ் டியூக்ஸ் என்பவர், திருக்குர்ஆனின் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு வேர், சொல்வகை முதலியவற்றைக் குறிக்கும் பணியை மேற்கொண்டார். அதுபற்றி 2010-இல் அவருடன் ஆய்வுரை எழுதிய நிஸார் ஹபஷ், பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபூதாபி வளாகத்தில் பேராசிரியரானார். அப்பணியில் கணினி முதலில் குறித்தது. இலக்கணம் அறிந்த மனிதர்கள் பின்னர் திருத்தினர். பிழை காணும் கண் இயந்திரத்துக்கு இல்லை; ஓதியவருக்கே உண்டு.

வழி யாது? ஹைதராபாத்திலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 1999 முதல் மொழித் தொழில்நுட்ப ஆய்வு மையம் இயங்குகிறது. ப்ளஸ் டூவில் கணிதம் பயின்றோருக்கு, பி.டெக். பட்டமும் கணினி மொழியியல் ஆய்வுப் பட்டமும் இணைந்த 5 ஆண்டுப் படிப்பு அங்குண்டு. மொழியியலில் எம்.ஏ. பயின்று, கணினி நிரல் எழுதக் கற்போரும் இத்துறைக்கு வரலாம்.

ஒன்றை மறைக்கலாகாது. பேராசிரியர் பதவி எளிதில் வாய்ப்பதன்று. முனைவர் பட்டத்துக்கே பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதன்பின்னும் சில காலம் தற்காலிகப் பணியே கிட்டலாம். பொறுமை இல்லாதார்க்கு இது பாதையன்று.

அத்தந்தையிடம் நான் சொன்னது இதுதான்: "கணக்கு நூலையும் ஸர்ஃபு கிதாபையும் அவளிடமிருந்து பிரிக்காதீர்கள். ஒன்றைப் பறித்தால் மற்றதன் பயனும் பாதியாகும்."

பயன்தரும் கல்வியை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.