இயந்திரம் யார் கையில்?

"செயற்கை அறிவு வந்துவிட்டது, இயந்திர மனிதன் வந்துவிட்டான், இனி உழைப்பாளிக்கு ஓய்வு, நாட்டுக்குச் சுபிட்சம்" என்று முதலாளிகளும் அவர்களுடைய பத்திரிகைகளும் தினந்தோறும் தம்பட்டம் அடிக்கிறார்கள். எந்த ஓய்வு? கூலியோடு கூடிய ஓய்வா, ஆலை கேட்டுக்கு வெளியே நிற்கும் ஓய்வா? அதை மட்டும் சொல்ல மறுக்கிறார்கள்.

இந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல. "ரேஷனலைசேஷன்" என்ற பெயரில் இதே பாட்டைப் பாடியபோது, 1955இல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு நம் ஆலைகளில் ஆட்டோ கோனர் வந்தது. வைண்டிங்கில் பலர் செய்த வேலையைச் சிலர் செய்தார்கள். வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியது. ஊரே கூடி நாள் கணக்கில் அறுத்த நெல் சில மணி நேரத்தில் களத்துக்கு வந்தது. மிச்சப்பட்ட நேரம் எங்கே போனது? ஆலைத் தொழிலாளியின் வேலை நேரம் குறைந்ததா? விவசாயத் தொழிலாளிக்கு அறுப்புக் கூலி வீடு தேடி வந்ததா? இல்லை! மிச்சமெல்லாம் லாபக் கணக்கில் ஏறியது. நஷ்டமெல்லாம் நம் அடுப்பில் விழுந்தது.

அப்படியானால் இயந்திரத்தை உடைப்போமா? கூடாது. 1811, 1812ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் நெசவு, பின்னல் தொழிலாளர்கள் பசி தாங்காமல் அதைச் செய்து பார்த்தார்கள். உடைத்தவனுக்கு மரண தண்டனை என்று 1812இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இயந்திரம் இறங்கினால் நாம் வேண்டாம் என்போமா? நம் சண்டை இரும்போடு அல்ல. அந்த இரும்பின் சாவியை மடியில் முடிந்து வைத்திருப்பவனோடு!

"தானே சிந்திக்கும் இயந்திரம்" என்கிறார்களே, அதுவும் புளுகு. சாட்ஜிபிடி என்ற இயந்திரம் ஆபாசம் பேசாமலிருக்க, கொலையையும் கொடுமையையும் வர்ணிக்கும் எழுத்துக்களை நாள் முழுவதும் படித்துத் தரம் பிரித்தவர்கள் கென்யா நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கிடைத்தது மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்று 2023 ஜனவரியில் அமெரிக்காவின் டைம் பத்திரிகையே அம்பலப்படுத்தியது. இயந்திரத்துக்கு அறிவு ஊட்டியவனும் கூலிக்காரன்தான். பெயரும் பணமும் மட்டும் கம்பெனிக்கு!

"இது காலத்தின் கட்டாயம், யாராலும் தடுக்க முடியாது" என்று சில மேதாவிகள் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். முடியாதா? முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவைப் பாருங்கள்! 2024 அக்டோபர் 1ஆம் தேதி, மெய்ன் முதல் டெக்ஸாஸ் வரை துறைமுகத் தொழிலாளர்கள் சுமார் 45,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். கூலியை உயர்த்து, ஆளை விரட்டும் தானியங்கி இயந்திரம் வேண்டாம் என்றார்கள். கப்பல்கள் கடலிலேயே நின்றன. மூன்றே நாளில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஆறு ஆண்டுகளில் 62 சதவீதக் கூலி உயர்வு! தானியங்கி இயந்திரங்களிலிருந்து வேலைக்குப் பாதுகாப்பு தரும் ஒப்பந்தம் 2025இல் கையெழுத்தானது. காலத்தின் கட்டாயம் எங்கே போயிற்று? சங்கத்தின் முன் மண்டியிட்டது!

தோழர்களே! அங்கே ஒரே சங்கம், ஒரே குரல். இங்கே? நிரந்தரத் தொழிலாளி ஒருபுறம், ஒப்பந்தத் தொழிலாளி ஒருபுறம், பிழைக்க வந்த வடநாட்டுத் தொழிலாளி ஒருபுறம். நம் வேலையைப் பறித்தவன் இயந்திரமும் அல்ல, பீகாரிலிருந்து ரயிலேறி வந்த ஏழையும் அல்ல. அவர்களையும் சங்கத்தில் சேர்க்காமல் ஆட்குறைப்பை நிறுத்த முடியாது.

நாம் கேட்பது என்ன? புது இயந்திரம் வருமுன் சங்கத்தோடு பேசு! ஒருவரையும் வெளியே அனுப்பாதே! இயந்திரம் வேகமாக ஓடினால், கூலி குறையாமல் வேலை நேரத்தைக் குறை! அறுவடை இயந்திரம் பறித்த நாட்களுக்கு ஈடாக, கிராமத்தில் வேலையும் நியாயமான கூலியும் கொடு!

எட்டு மணி நேர வேலையை எந்த முதலாளியும் தானமாகத் தரவில்லை. இதையும் தரமாட்டான். போராடித்தான் பெற வேண்டும், பெறுவோம்!