வாலிபாலும் வேலை உத்தரவும்

நம் நாட்டு ஆண்கள் வாலிபால் அணி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மூன்றே முறைதான் பதக்கம் வாங்கியிருக்கிறது. 1958-ல் டோக்கியோவில் வெண்கலம்; 1962-ல் ஜகார்த்தாவில் வெள்ளி; 1986-ல் சியோலில் மறுபடியும் வெண்கலம். அதன் பிறகு ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து உத்தியோகத்துக்கும் போய்விட்டது. பதக்கம் வரக் காணோம். ஒலிம்பிக்ஸிலோ நம் ஆண்கள் அணி வாலிபால் ஆடியதே கிடையாது.

காரணம் கேட்டால் பலரும் சுலபமாக ஒரு பதில் சொல்லிவிடுகிறார்கள். "நம் பையன்கள் வேலைக்காக ஆடுகிறார்கள், வேலை கிடைத்ததும் ஆட்டம் போய்விடுகிறது" என்பதே அது. கல்பாத்தித் திண்ணைகளிலும் இதைக் கேட்கலாம், ஒலவக்கோடு ரயில்வே காலனியிலும் கேட்கலாம். ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைக்கும் என் போன்றவனால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேலைக்காக ஆடுவது குற்றமல்ல. வேலை கொடுத்த இலாகாக்களும், ஆட்டத்தை நிர்வகிக்கும் சம்மேளனத்தாரும் அந்த ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

இந்த ஆட்டம் யாருடைய ஆட்டம் என்று முதலில் பார்க்க வேண்டும். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. இவ்வளவுதான் முதலீடு. தேயிலைச் சரிவில் கால்பந்து மைதானம் வெட்டுவது லேசல்ல. ஆனால் மூணாறிலும் வண்டிப்பெரியாறிலும் லயத்துக்குப் பக்கத்தில் வாலிபாலுக்கு ஒரு துண்டு சமதளம் கிடைத்துவிடும். மட்டை வேண்டாம், வெள்ளை உடுப்பு வேண்டாம். (கிரிக்கெட் ஸ்கோரே கதி என்றிருக்கும் நம் அக்கிரகாரத்து இளவட்டங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஆகவே இது பெரும்பாலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாகவே இருந்து வருகிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வரும் ஒரு வேலை உத்தரவு அந்த வீட்டைக் கரையேற்றிவிடும். ரயில்வே, போலீஸ், ராணுவம், பாங்குகள் இவையெல்லாம் கை கொடுத்திராவிட்டால் இந்த ஆட்டம் இத்தனை காலம் நிலைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

தமிழர்களுக்கு இதில் உள்ள பங்கு சிறிதல்ல. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்கான விருதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. ஜி. இ. ஸ்ரீதரன் ஆட்டக்காரராக அர்ஜுனா விருதும், பயிற்சியாளராகத் துரோணாச்சாரியார் விருதும் வாங்கியவர். அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுக்காரரான ஜெரோம் வினித் கேரள மாநில அணிக்கும், லீக் போட்டிகளில் கோழிக்கோட்டு அணியான காலிகட் ஹீரோஸுக்கும் ஆடினார். வாளையாறு எல்லையைப் பற்றி மேடைகளில் முழங்குகிறவர்கள் இதைக் கவனித்தார்களோ என்னவோ, கோழிக்கோட்டு ரசிகர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இனி ஜிம்மி ஜார்ஜ் விஷயத்துக்கு வருவோம். கண்ணூர் ஜில்லா பேராவூரில் 1955-ல் பிறந்த அவர் 1976-ல் கேரள போலீஸில் சேர்ந்தார். வேலை உத்தரவோடு ஆட்டம் போய்விடும் என்கிற விதி உண்மையானால் ஜிம்மியின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. போலீஸ் அணிக்காரராக இருந்துகொண்டே 1979 முதல் அபுதாபி கிளப்பிலும், 1982 முதல் இத்தாலியக் கிளப்புகளிலும் ஆடினார். அங்கே உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர்களோடு வாராவாரம் மோதினார். அந்தப் பழக்கத்தோடு வந்துதான் சியோலில் இந்தியாவுக்காக இறங்கினார். சீனாவும் தென்கொரியாவும் முதல் இரண்டு இடம் போக, ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளி நாம் மூன்றாவது வந்தோம். அடுத்த ஆண்டு நவம்பர் 30-ல் இத்தாலியில் ஒரு கார் விபத்தில் அவர் மாண்டார். வயது 32.

அவருக்குப் பிறகு அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் உள்ளரங்கம் இருக்கிறது, போட்டிகள் நடக்கின்றன, கோப்பைகள் வழங்கப்படுகின்றன. அவர் போன பாதையில் எத்தனை பேருக்கு விடுப்பு கொடுத்தார்கள்? சிலை வைப்பதைவிட லீவு கொடுப்பது நம் இலாகாக்களுக்குக் கஷ்டமான காரியம் என்பது குமாஸ்தாக்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஈரானைப் பாருங்கள். சியோலில் நாம் வெண்கலம் வாங்கிய காலத்தில் ஈரானின் ஆண்கள் வாலிபால் அணி ஆசிய விளையாட்டில் தங்கம் கண்டதில்லை. அவர்கள் உள்நாட்டு லீகைப் பலப்படுத்தினார்கள். இத்தாலியை 1990-ல் உலக சாம்பியன் ஆக்கிய அர்ஜென்டினாக்காரர் ஹூலியோ வெலாஸ்கோவை 2011-ல் பயிற்சியாளராக அழைத்து வந்தார்கள். 2014-ல் இன்சியோனில் முதல் தங்கம். 2018-லும் 2023-லும் தங்கம் அவர்களுக்கே. 2016 ரியோ ஒலிம்பிக்ஸிலும் ஆடிவிட்டார்கள். ஈரான் பையனுக்கும் வயிறு இருக்கிறது, அவனும் பிழைப்பைத் தேடித்தான் ஆடுகிறான்.

நம்மிடம் சரக்கு இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நம் அணி தென்கொரியாவை ஐந்து செட்டுகளில் வென்றது. கடைசி செட் 17-15. கொரியா என்பது பல பத்தாண்டுகளாக ஆசிய விளையாட்டில் பதக்கம் தவறவிடாத அணி. அந்த முறை வெறுங்கையோடு திரும்பியது. அடுத்து சீன தைபேயை மூன்று நேர் செட்டுகளில் ஜெயித்தோம். பிறகு ஜப்பானிடமும், ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடமும் நேர் செட்டுகளில் தோற்று ஆறாவது வந்தோம். ஒரு நாள் கொரியாவை வீழ்த்தத் தெரிந்த அணிக்கு அதே ஆட்டத்தைப் பத்து நாள் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. இது உடம்பின் குறையல்ல. வருஷம் முழுவதும் பெரிய அணிகளோடு ஆடிப் பழகாததன் குறை.

அப்படிப் பழக்க வேண்டிய சம்மேளனம் என்ன செய்துகொண்டிருந்தது? கோஷ்டிச் சண்டை. 2016 டிசம்பரில் உலக வாலிபால் சம்மேளனமே நம் சம்மேளனத்தைத் தள்ளி வைத்தது. 2019-ல் தனியார் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து புரோ வாலிபால் லீக் நடத்தினார்கள். சென்னையில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை அணி கோழிக்கோட்டை வென்றது; கூட்டம் அலை மோதியது. ஒரே சீசனோடு ஒப்பந்தம் முறிந்து விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2022-ல் பிரைம் வாலிபால் லீக் என்ற பெயரில், சம்மேளனம் இல்லாமலே, ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஹாங்சோவுக்கு அணி போன சமயத்திலும் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைத்த தற்காலிகக் குழுவே நிர்வாகத்தைப் பார்த்தது. 2025-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இத்தகைய வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம் வைக்க வழி செய்கிறது. இந்த வியாதிக்கு அந்த மருந்து கேட்குமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

பெரிய மனிதர்கள் நாற்காலிக்கு மோதிக்கொண்டால் நமக்கென்ன என்று எஸ்டேட்டிலும் பட்டறையிலும் இருக்கும் வாசகர்கள் நினைக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு வேலை கேட்கும் பையனுக்குச் சர்டிபிகேட்தான் சொத்து. நாட்டுக்காக ஆடியவனுக்குத் தேசிய சம்மேளனத்தின் காரியதரிசி கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்காக ஆடியவனுக்கு மாநிலச் சங்கத்தின் காரியதரிசி. ஒரே மாநிலத்தில் இரண்டு சங்கங்கள் "நானே அசல்" என்று கிளம்பினால், பையன் எந்தக் கையெழுத்தை நம்பி மனுப் போடுவான்? வயது வரம்பு அவனுக்காகக் காத்திருக்குமா?

இப்போதைக்கு ரயில்வே நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளிநாட்டு லீகில் இடம் கிடைக்கும் ஆட்டக்காரனுக்கு, லீனும் சீனியாரிட்டியும் கெடாமல், சம்பளமில்லாத விடுப்பாகவாவது இரண்டு வருஷம் தாராளமாகக் கொடுக்கலாம். அவன் மேஜையில் உள்ள பைலை நாங்கள் நாலு பேர் பங்கிட்டுக்கொள்வோம்.

பிள்ளைகளை ஆட அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கும், தேசியப் பள்ளி விளையாட்டுக்கும் சர்டிபிகேட் தருவது பல்கலைக்கழகமும் கல்வி இலாகாவும்தான். சம்மேளனச் சண்டை அங்கே எட்டாது. ஆகையால் பையன் நன்றாக அடிக்கிறான் என்று படிப்பை நிறுத்திக் கிளப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். காலேஜில் சேர்த்து, அந்த அணியில் ஆடவையுங்கள். ரயில்வே தனக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கிறது. எந்தப் போட்டியில் எந்த இடம் வந்தால் எந்த வேலைக்குத் தகுதி என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் அச்சாகி வருகிறது. மனுப் போடும் முன் அதை வரி விடாமல் படித்துவிடுங்கள்.