ஒரு வேளை மருந்து, ஒரு முழு நாள்



இந்தப் பக்கத்தை நெய்வேலி வாசகர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அங்கே சாப்பாடு, தூக்கம், கல்யாணத்துக்குப் போவது எல்லாமே ஷிப்ட் பார்த்துத்தான். அப்படி ஒரு வீட்டில் மகனோ கணவனோ வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் சிக்கினால், வீட்டின் நேரக்கணக்கே குலைந்துபோகும். தமிழ்நாட்டில் இப்போது அதிகம் பேசப்படும் டேபென்டடால் என்ற வலி மாத்திரை, வடக்கே புழங்கும் ஹெராயின் இரண்டும் அபின் போலவே மூளையில் வேலை செய்பவை. சில மணி நேரத்தில் வேகம் இறங்கிவிடும். உடனே கொட்டாவி, மூக்கொழுகல், குடைச்சல், வயிற்றுப்போக்கு. அதிலிருந்து தப்பவே அடுத்த ஊசி. எட்டு மணி நேரம் ஓரிடத்தில் நின்று வேலை பார்க்க அந்த உடம்பால் முடியாது.

இதற்கு மெத்தடோன் என்ற மருந்து உண்டு என்றதும் குடும்பத்தார் கேட்பது ஒன்றே: “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” நியாயமான பயம். ஆனால், அந்த மருந்து உடம்புக்குள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் பயம் குறையும்.

மெத்தடோனைக் குடிக்கத் தருகிறார்கள். குடல் வழியாக ரத்தத்தில் கலந்து உச்ச அளவை எட்ட இரண்டரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். ஊசியில் வரும் கிறக்கம் இதில் வராது. ஈரல், கொழுப்பு, தசை என்று உடம்பெங்கும் தங்கி, வீராணம் ஏரித் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போவதுபோல மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஈரலின் நொதிகள் அதைச் செயலற்ற பொருளாக உடைக்க, சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுகிறது. ரத்தத்தில் பாதி அளவாகக் குறையவே சராசரியாக ஒரு நாள் பிடிக்கும். ஆகவே தினம் ஒரு வேளை போதும்.

1964-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் கண்டதும் இதன் பலனைத்தான். அடுத்த ஊசியைத் தவிர வேறு நினைப்பே இல்லாதிருந்த நோயாளிகளில் ஒருவர் ஓவியம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்றார். 22 பேருக்கு அளித்த மெத்தடோன் சிகிச்சையை 1965-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த ஓவியத்தையும் படிப்பையும் போதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆபத்து இல்லாத மருந்தல்ல மெத்தடோன். சிலருக்கு ரத்தத்தில் அதன் அளவு 8 மணி நேரத்தில் பாதியாகும்; சிலருக்கு 50 மணி நேரம் தாண்டியும் ஆகும். நேற்றையது முழுதும் கழியாமலே இன்றைய வேளை சேர்வதால், முதல் சில நாள்களில் அதே அளவுகூட உடம்பில் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி நிதானமாகக் கூட்டுகிறார். “பத்தவில்லை” என்று அந்த நாள்களில் தானாகக் கூடுதலாகக் குடித்தாலோ, மதுவையோ தூக்க மாத்திரையையோ சேர்த்தாலோ மூச்சு நின்றுபோகலாம்.

மற்ற மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஈரலின் நொதிகளைப் பெருக்கிவிடும். மெத்தடோன் சீக்கிரமே உடைந்து, ஒழுங்காக மருந்து குடிப்பவருக்கும் சில நாள்களில் குடைச்சலும் கொட்டாவியும் திரும்பும். “மறுபடி ஆரம்பித்துவிட்டான்” என்று வீட்டில் சந்தேகப்படுவார்கள். பாவம், அவர்மேல் தவறே இருக்காது. அளவைத்தான் மாற்ற வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் இப்படித்தான். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் நேர்மாறு. மெத்தடோனை உடம்பில் தேக்கிவிடும்.

இந்தியாவில் மெத்தடோன் சிகிச்சை 2012-இல் சில மையங்களில் தொடங்கியது. இங்கே அதைவிடப் பரவலானது ப்யூப்ரெனார்ஃபின். விழுங்கினால் ரத்தத்தில் சேருமுன் ஈரலே பெரும்பகுதியை அழித்துவிடும். அதனால் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுகிறார்கள். இது மூச்சைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பது பெரிய நிம்மதி. ஆனால் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இதுவும் ஆபத்துதான்.

இந்த மருந்துகளை எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? சிலருக்கு ஓரிரு வருடம், சிலருக்கு இன்னும் நீளும். “ஆறு மாதம் ஆச்சே, போதும்” என்று பெற்றோரே நிறுத்தச் சொல்வதுண்டு. தயவுசெய்து வேண்டாம். திடீரென நிறுத்தியவர் பழைய பழக்கத்துக்குத் திரும்பினால், தாங்கும் சக்தி குறைந்துபோன உடம்புக்குப் பழைய அளவே எமனாகும். குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நெய்வேலியிலிருந்து எட்டும் தொலைவில், புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டும் வழி கேட்கலாம். போகும்போது வீட்டில் நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்